தேசிங்கும் அவன் சிநேகிதனும்

செஞ்சிக் கோட்டையை நாயக்கர்கள் பெரிதாக்கிக் கட்டி ஆண்டார்கள். 1649ல் பிஜப்பூர் சுல்தானின் படை வந்து பிடித்துக்கொண்டது. 1677ல் சிவாஜி வந்தான். அவுரங்கசீப்பின் தளபதி ஸுல்பிகார்கான் வருஷக்கணக்காக முற்றுகை போட்டு, 1698ல் ஒருவழியாக உள்ளே நுழைந்தான். பிறகு ஆர்க்காட்டு நவாபு, 1750ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761ல் ஆங்கிலேயர்கள். இத்தனை பெரிய மனிதர்கள் வந்து போன இடத்தில் ஊர் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பது யாரை? ஒரு வருஷம்கூட முழுசாக ஆளாமல், இருபத்திரண்டு வயசு என்று சொல்கிறார்கள், 1714ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் செத்துப்போன ஒரு வாலிபனை. 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் சேர்ந்தது. சந்தோஷந்தான். ஆனால் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போகிறவனைக் கேட்டுப் பாருங்கள். "தேசிங்கு ராஜா கோட்டைக்குப் போறேன்" என்றுதான் சொல்வான்.

இது ஏன் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. காரணம் சரித்திர ஆர்வம் அல்ல, சுயநலம். பல வருஷங்களுக்கு முன் தேசிங்கைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆரம்பித்து, பதினான்கு அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டவன் நான். நின்று போன நாவல் என்பது கடனைப் போல. மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் வந்து நிற்கும். இப்போது வந்து நின்றது ஓர் ஆராய்ச்சிப் புத்தகத்தின் ரூபத்தில்.

வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய மூன்று பேர் சேர்ந்து எழுதி 2001ல் வெளிவந்த புத்தகம் அது. 'காலத்தின் இழைகள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கிக்கொள்ளலாம். ஒருவர் தெலுங்கு இலக்கியத்தில் ஊறியவர்; ஒருவர் இஸ்ரேலில் இருந்துகொண்டு தமிழும் தெலுங்கும் சம்ஸ்கிருதமும் படித்தவர்; ஒருவர் பாரசீகம், போர்த்துகீசியம் என்று பல பாஷைத் தஸ்தாவேஜுகளைக் குடைகிற சரித்திரக்காரர். தேசிங்கைப் பற்றி மட்டும் சஞ்சய் சுப்ரமணியம் 1999ல் தனியாகவே ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். தேஜ் சிங் எப்படித் தேசிங்குராஜன் ஆனான் என்பதுதான் அவர் கேள்வி.

அந்தப் புத்தகம் ஒரு பழைய அவதூறுக்குப் பதில் சொல்கிறது. இந்தியர்களுக்குச் சரித்திரம் எழுதத் தெரியாது, புராணந்தான் தெரியும் என்று வெள்ளைக்காரன் சொன்னான். நம்மில் படித்தவர்களும் தலையை ஆட்டினார்கள். இந்த மூவரும் சொல்வது வேறு. அந்தந்தக் காலத்தில், அந்தந்தச் சமூகத்தில், எந்த இலக்கிய வடிவம் செல்வாக்கோடு இருந்ததோ அதில்தான் சரித்திரத்தையும் எழுதினார்கள். காவியம் செல்வாக்காக இருந்தால் காவியத்தில். வசனம் வந்தபோது வசனத்தில். நாட்டுப்பாடல் இருந்த இடத்தில் நாட்டுப்பாடலில். கேட்கிறவனுக்கு எது நடந்தது, எது அலங்காரம் என்று தெரியும். எழுத்தின் இழையிலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது.

ஜவுளிக்கடையில் துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தே, பருத்தியா கலப்பா என்று சொல்லிவிடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரி. கடைக்காரன் என்ன சத்தியம் செய்தாலும் அவர்கள் விரல் ஏமாறாது. நம் பாட்டன்மார்களுக்குக் கதையில் அந்த விரல் இருந்தது, நாம்தான் இழந்துவிட்டோம் என்கிறார்கள் இந்த ஆசிரியர்கள்.

அழகான எண்ணம். அதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2007ல் ஷெல்டன் பொல்லாக் என்ற சம்ஸ்கிருத அறிஞர் விரிவாக மறுப்பு எழுதினார். எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தேசிங்கு கதை தெரியும் என்று நினைக்கிற வாசகர்களுக்குக்கூட நடந்தது தெரிந்திருக்காது.

சொரூப் சிங் ஒரு புந்தேலா ராஜபுத்திரன். மொகலாயச் சக்கரவர்த்தியின் உத்தியோகஸ்தனாகச் செஞ்சிக்கு வந்தவன். கில்லேதார், அதாவது கோட்டைக் காவலதிகாரி. ஆர்க்காட்டுக்குக் கட்டவேண்டிய பணம் பாக்கி நின்றது. 1714ல் சொரூப் சிங் இறந்ததும் மகன் தேஜ் சிங் வந்து உட்கார்ந்தான். அப்பாவுக்கு அவுரங்கசீப் கொடுத்த ஃபர்மான் இருக்கிறதே, அது போதும் என்றான். அவுரங்கசீப் போய் ஏழு வருஷம் ஆயிற்று, டில்லியில் இப்போது பரூக்ஸியர் இருக்கிறார், புது ஃபர்மான் எங்கே, பழைய பாக்கி எங்கே என்று கேட்டார் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான். சண்டையின் ஆதிகாரணம் இவ்வளவுதான். ஒரு காகிதம், ஒரு கணக்கு. தாலுகா கச்சேரியில் தினம் நடக்கிற விவகாரம். தேவனூர்ப் பக்கத்தில் போர் நடந்தது. வெள்ளம் ஓடுகிற ஆற்றைக் கொஞ்சம் குதிரைக்காரர்களோடு கடந்து போய், நவாபின் பெரிய சேனையில் மோதி, தேஜ் சிங் மாண்டான். அவனுடைய சிநேகிதன் மகபத்கானும் அதே களத்தில் மாண்டான். சி.எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியைப் பற்றி எழுதிய பெரிய நூலில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943ல் போட்டது, இதெல்லாம் பொறுமையாக இருக்கிறது.

இனி, கதை. பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை என்று மட்டமான காகிதத்தில் அச்சாகிக் கோயில் திருவிழாக் கடைகளில் விற்ற புத்தகத்தை நான் சின்ன வயசில் காதால் கேட்டவன். எங்கள் தெருத் திண்ணையில் ஒரு கிழவர் ராகம் போட்டு வாசிப்பார். அதில் ஃபர்மான் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு குதிரை இருக்கிறது. டில்லி பாதுஷாவிடம் யாராலும் ஏற முடியாத குதிரை. ஏறப் போன பெரியவர் தோற்றுச் சிறையில் கிடக்கிறார். சிறு பிள்ளை தேசிங்கு டில்லிக்குப் போய் அதில் ஏறி அடக்குகிறான். குதிரையும் கிடைக்கிறது, பெண்ணும் கிடைக்கிறது. பிறகு சண்டை. புறப்படுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போனால், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்றும் சிங்கவரத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் தலை சற்றுத் திரும்பினாற்போல் இருப்பதற்கு இதைத்தான் காரணம் சொல்கிறார்கள். கடைசியில் தேசிங்கை எதிரி கொல்லவில்லை. சிநேகிதனும் குதிரையும் போன பிறகு, வாளை ஆகாயத்தில் எறிந்துவிட்டு மார்பைக் காட்டிப் படுத்துக்கொள்கிறான். வாள் இறங்குகிறது.

கிழவர் இந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒவ்வொரு தடவையும்.

ஆராய்ச்சியாளர்கள் செய்த நல்ல காரியம், இந்தப் பெரிய எழுத்துப் புத்தகத்தையும் பாரசீக ஏடுகளையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்ததுதான். நவாபின் தரப்பை அவர்கள் எடுத்துக்கொண்டது 'ஸயீத் நாமா' என்ற பாரசீக நூலிலிருந்து. நவாபின் சொந்தப் பெயர் முகம்மது ஸயீத்; அதனால் அந்தப் பெயர். எழுதியவர் யார் என்று பாருங்கள்: ஜஸ்வந்த் ராய். ஒரு ஹிந்து முன்ஷி. பாரசீகத்தில், பாரசீக மரபுப்படி, தன் முஸ்லிம் எஜமானரின் பெருமையை எழுதுகிறார். அவருக்கு அந்த ராஜபுத்திர வாலிபன் அடங்காத ஒரு கலகக்காரன். இந்தப் பக்கம் தமிழில், பெயர் தெரியாத பாடகன், அதே வாலிபனை வீரனாக்கி, அவன் பக்கத்தில் நிழல்போல ஒரு முஸ்லிமை நிறுத்திவைக்கிறான். நவாபு பக்கத்தில் மந்திராலோசனை சொல்கிறவர் தோடர்மல். அவரும் ஹிந்து, பாட்டிலும் பெயர் கொஞ்சம் உருமாறி வருகிறார்.

இந்தச் சண்டையை ஹிந்து ராஜா முஸ்லிம் நவாபை எதிர்த்த சண்டையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் இந்த இரண்டு ஏடுகளில் ஒன்றையாவது திறந்து பார்த்திருந்தால் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். தேஜ் சிங் ஏந்தி நின்றதே ஒரு மொகலாய ஃபர்மானை. அதைச் சொன்னால் வீரத்துக்குக் குறைவு என்று நினைக்கிறார்களோ என்னவோ.

மார்ஷல் ஹாட்ஜ்ஸன் என்ற அமெரிக்கர் இஸ்லாமிய நாகரிகத்தைப் பற்றி எழுதிய மூன்று பாக நூல், அவர் இறந்த பிறகு 1974ல் வெளிவந்தது. அதில் ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார்: 'இஸ்லாமிக்கேட்'. மதமாகிய இஸ்லாம் ஒன்று. முஸ்லிம்கள் செல்வாக்கோடு இருந்த தேசங்களில் வளர்ந்த உடை, பேச்சு, சங்கீதம், கச்சேரி நடைமுறை, இங்கிதம் இவை இன்னொன்று. பின்னது முஸ்லிம்களுக்கு மட்டும் சொந்தமல்ல; அங்கே வாழ்ந்த எல்லோருக்கும் சொந்தம். சொல் காதுக்கு இனிமையாயில்லை. ஆனால் விஷயம் நமக்குப் புதிதல்ல. ஜஸ்வந்த் ராயின் பேனா அது. விஜயநகரத்து ராஜாக்கள் சுல்தான்களைப் போல நீண்ட அங்கியும் குல்லாயும் தரித்துச் சபையில் வீற்றிருந்ததைப் பிலிப் வாகனர் 1996ல் ஒரு நல்ல கட்டுரையில் எடுத்துக் காட்டினார், அதுவும் இதுதான். நம் கச்சேரிகளில் இன்னும் புழங்குகிற வசூல், பாக்கி, ஜப்தி, தாசில்தார் எல்லாம் இதுதான்.

ஹாட்ஜ்ஸனுடைய சொல்லைச் சினிமாவுக்குக் கொண்டுபோனவர்கள் ஐரா பாஸ்கர், ரிச்சர்டு ஆலன் என்ற இருவர். பம்பாய்ப் படங்களில் சரித்திரப் படம், முஸ்லிம் குடும்பப் படம், கணிகையர் படம் என்று பிரித்துக்கொண்டு 2009ல் ஒரு புத்தகம் போட்டார்கள். 'மொகலே ஆஸம்' அவர்களுக்கு நடுநாயகம். அந்தப் படம் தமிழில் 'அக்பர்' என்று 1961ல் பேசி, ஓடாமல் போனது. டில்லி தர்பார் நம்மவர்களுக்குத் தூரம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். செஞ்சி தூரமில்லையே? 'மொகலே ஆஸம்' வந்த அதே 1960ல் வந்தது 'ராஜா தேசிங்கு'. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

டி.ஆர். ரகுநாத் டைரக்‌ஷன். எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேஷம்: ஒன்று தேசிங்கு, மற்றது தாவூத்கான். சிநேகிதன் இல்லாமல் போய்விடவில்லை, எஸ்.எஸ். ராஜேந்திரன் இருந்தார். இருந்தாலும் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது வேஷம். ஒரே முகத்தில் ஒருவன் ராஜபுத்திரன், ஒருவன் முஸ்லிம். முகம் ஒன்றானால் ரத்தமும் ஒன்று என்பது நம் சினிமாவின் எழுதாத சட்டம். இரட்டை வேஷம் நட்சத்திரத்துக்காக என்று சொல்வீர்கள். இருக்கட்டும். ஆனால் வேறு எங்கும் போகாமல் இங்கே ஏன் வந்தது? ஒரு ஹிந்துவும் ஒரு முஸ்லிமும் வெறும் சிநேகத்தினால் மட்டுமே ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுப்பார்கள் என்று பெரிய எழுத்துப் புத்தகம் நம்பிற்று. இருநூறு வருஷம் போலப் பாடிப் பாடி, கேட்டவர்களும் நம்பினார்கள். சினிமா நம்பவில்லை. நட்பு பாரம் தாங்குமோ தாங்காதோ என்று ஒரு சந்தேகம் அதற்கு. பக்கத்தில் ரத்தபந்தம் என்று ஒரு முட்டுக்கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தது.

அண்ணன் தம்பியாக இருந்தால் அன்பு செலுத்துவது சுலபம். விதி அது, அதில் மனிதனுக்குத் தேர்வு கிடையாது. வேற்று வீட்டில் பிறந்தவன், வேறு திசையை நோக்கித் தொழுகிறவன், அவனை அவனாகவே வைத்துக்கொண்டு நேசிப்பதுதான் கஷ்டமான காரியம். அவனை உறவுக்காரனாக்கி, நம் முகத்தை அவனுக்கு ஒட்டவைத்த பிறகுதான் கண்ணீர் வரும் என்றால், அந்தக் கண்ணீர் யாருக்கு?

சினிமாவை இவ்வளவு கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. என் பதினான்கு அத்தியாயங்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவற்றைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்தவர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார், முஸ்லிம். நல்ல ரசிகர். முழுக்கப் படித்துவிட்டு, பிரதியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"நடை நல்லா இருக்கு ஸார். தேசிங்கு நல்லா வந்திருக்கான். மகபத்கான் மட்டும்... சாகறதுக்குன்னே பொறந்தவன் மாதிரி இருக்கான். அவனுக்கு வீட்டுல யாருமே இல்லையா ஸார்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வருகிறான், வணங்குகிறான், சண்டை போடுகிறான், ஒன்பதாவது அத்தியாயத்தில் சாகிறான். அவன் பிணத்தின் மேல் விழுந்து தேசிங்கு இரண்டு பக்கத்துக்கு அழுகிறான். அந்த அழுகைக்காகவே நான் அவனை வளர்த்திருந்தேன். சிநேகிதன் என்று எழுதினேனே தவிர, எழுதினது வேலைக்காரனை. வேஷத்தை மாற்றினால் அந்தக் குதிரைக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை. நாவல் அங்கேயே நின்றுவிட்டது. வேறு காரணங்களைப் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். இதுதான் நிஜக் காரணம்.

இப்போது இந்த ஆராய்ச்சிகளைப் படித்த கையோடு பெரிய எழுத்துப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். வாத்தியாருடைய கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது! மகபத்கானுக்கு வீடு இருக்கிறது. வழுதாவூரில். வீடு மட்டுமல்ல, அன்று அந்த வீட்டில் கல்யாணம். அவனுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறவன் கையில் தேசிங்கின் கடிதம் வருகிறது. எழுந்து புறப்படுகிறான். திண்ணைக் கிழவர் இதை வாசித்து நான் கேட்டிருக்கிறேன். நாவல் எழுதும்போது இதை வெட்டியவன் நான். கதாநாயகனுக்கு ஒரு கல்யாணம் இருக்கும்போது தோழனுக்கும் ஒன்று எதற்கு, கதை நீளுமே என்ற ஒரு கைத்தொழில்காரனின் கணக்கு. படிப்பில்லாத பாடகன் என்று நாம் நினைக்கிற ஒருவன், அந்தச் சாவில் இரண்டு வீடு இழவு கொண்டாடிற்று என்பதை மறக்கவில்லை. படித்த நான் மறந்துவிட்டேன்.

அறிஞர்கள் பேரில் எனக்குள்ள குறையும் இந்த இடத்தில்தான். பாட்டில் வருகிற ஊர்ப்பெயர்கள் நிஜம், ஆட்கள் நிஜம், வெள்ளம் நிஜம், ஆகவே இது சரித்திரம் என்று நிரூபிப்பதில் அவர்களுக்கு உற்சாகம் அதிகம். நிரூபிக்கட்டும், அதனால் பாட்டின் கௌரவம் உயர்வதாக அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆகாயத்தில் எறிந்த வாள் எந்த இழை? பெருமாள் முகம் திருப்பியது எந்த இழை? கேட்டவர்கள் இதை நடந்தது என்றும் நடக்காதது என்றும் பிரித்துக்கொண்டுதான் அழுதார்களா? எங்கள் திண்ணையில் அப்படி யாரும் பிரித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. துணியைத் தேய்த்துப் பார்க்கிற விரல் வேறு, அதே துணியில் முகத்தைத் துடைத்துக்கொள்கிற கை வேறு. இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டும் வேலை செய்வதில்லை.

பாரசீக முன்ஷிக்கு நவாபின் கணக்குத் தெரியும். சீனிவாசாச்சாரியாருக்குத் தேதி தெரியும். எதிரியின் கையால் செத்தான் என்ற உண்மையை மாற்றி, சிநேகிதன் போனபின் தன் வாளுக்கே மார்பைக் கொடுத்தான் என்று பாடகன் சொன்னானே, அவன் சரித்திரத்தைத் திருத்தினான் என்றுதான் எனக்குப் படுகிறது. தெரியாமல் அல்ல, தெரிந்தே. ஒரு ஃபர்மானுக்காகவும் பாக்கிப் பணத்துக்காகவும் இரண்டு வாலிபர்கள் செத்ததை அவனால் பொறுக்க முடியவில்லை. முதலாமவன் ஊருக்காகச் செத்தான். சிநேகிதனோ அவனுக்காகவே செத்தான். சிநேகிதன் செத்த பிறகு முதலாமவனுக்கும் இருக்கப் பிடிக்கவில்லை என்று மாற்றினான். இதற்குச் சரித்திரம் என்று பெயர் கொடுத்தால் அவனைக் குறைப்பதாகும். நாவலாசிரியன் வேலையை நாவல் இல்லாத காலத்தில் செய்தவன் அவன்.

இன்னொன்றும் உண்டு. தேஜ் சிங் எப்படித் தேசிங்கு ஆனான் என்று கேட்டவர்கள், மகபத்கான் எப்படி மகபத்கானாகவே இருந்தான் என்பதற்கு அத்தனை இடம் தரவில்லை. எனக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது. ராஜபுத்திரப் பையனைத் தமிழ்ப் பாட்டு முழுக்கத் தன்னவனாக்கிக்கொண்டது. பெயரைத் தமிழ்ப்படுத்தி, சிங்கவரத்துப் பெருமாளிடம் கொண்டு நிறுத்தியது. சிநேகிதனையும் அப்படியே மாற்றிவிடுவது ரொம்பச் சுலபம். ஏதாவது ஒரு சிங்காக்கி இருக்கலாம், முதலியாரோ நாயக்கரோ ஆக்கியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? மாற்றவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்களில் ஒருவருக்கும் மாற்றத் தோன்றவில்லை. கான், கானாகவே வந்தான்; அவனுடைய கல்யாணமும் அவனுடையதாகவே வந்தது. நீலாம்பூண்டி என்ற ஊரில் அவனுக்கும் அந்தக் குதிரைக்கும் சமாதி என்று காட்டுகிறார்கள். தேசிங்கை எரித்த இடம் செஞ்சியில் செட்டிக்குளத்தங்கரை. அவன் மனைவி உடன்கட்டை ஏறினதும் அங்கேதான். அவள் ஞாபகமாகத்தான் நவாபு ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று ஒரு கதை. கோட்டைக்குள் நவாபு கட்டிய மசூதி, 1717-18ல் கட்டியது, அழகாக நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் மலையேறி இறங்கி, பஸ் பிடிக்கிற அவசரத்தில் அதைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். நானும் இரண்டு தடவை அப்படித்தான் வந்தேன்.

ஒன்பதாவது அத்தியாயத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அழுகிற இரண்டு பக்கத்தையும் கிழித்தாயிற்று. இப்போது அது வழுதாவூரில் ஆரம்பிக்கிறது. பந்தலுக்கு வெளியே சமையல் நடந்துகொண்டிருக்கிறது. குதிரைக்காரன் ஒருவன் வாசலில் இறங்கி, மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறான். அந்தப் பெண் உள்ளே இருந்து அதைக் கேட்கிறாள். அவள் என்ன சொன்னாள் என்பதில் மூன்று நாளாக நிற்கிறேன். வாத்தியாரை அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன்.